நட்சத்திர தோஷம்

பஞ்சாங்கத்தின் இருபத்தேழுக்குள் அடங்காத நட்சத்திரம் ஒன்று உண்டு. நிறம் சிவப்பு. இணைய விண்ணப்பத்தில் கட்டத்துக்குப் பக்கத்தில் சின்னதாகக் குந்தியிருக்கும். அது பிடித்தவனுக்குத் திருநள்ளாறு போனாலும் விமோசனம் இல்லை.

என்னைப் பிடித்தது ஒரு வங்கி விண்ணப்பத்தின் 'சர்நேம்' கட்டத்தில். எனக்கு அப்படி ஒன்று கிடையாது. என் அப்பாவுக்கும் கிடையாது. சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து எடுங்கள் என்று 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. நாங்களும் வாலை ஒட்ட நறுக்கிவிட்டு, அப்பாவின் முதலெழுத்தோடு நிமிர்ந்து நடந்தோம். நூறு வருடத்தை நெருங்கியாயிற்று. கட்டம் போட்ட மகானுக்குச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. அவருக்கு வால் வேண்டும்.

காலியாக விட்டேன், சிவந்தது. இனிஷியலைப் போட்டேன், 'குறைந்தது மூன்று எழுத்து' என்றது. புள்ளி வைத்தேன், 'சிறப்புக் குறிகள் கூடாது' என்றது. கடைசியில் அப்பா பெயரைப் போட்டதும் பச்சை. அன்றிலிருந்து அந்த வங்கிக்கு நான் என் அப்பா. செத்துப் பதினாலு வருடமான மனுஷனுக்கு, 'அன்புள்ள முருகேசன், உங்கள் தனிநபர் கடன் தயார்' என்று குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். தாராளமாகக் கொடுக்கட்டும். அவரே வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார்.

கடல் தாண்டினால் இன்னும் விசேஷம். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசா இல்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் சொன்னது. அமெரிக்க விசாவிலோ முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சடித்துத் தருவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். பெற்றவள் மடியில் கிடத்திக் காதில் மூன்று தடவை சொன்ன பெயரய்யா அது! தெரியவில்லையாம். அநாதைப் பிணத்தின் கால் விரலில் கட்டும் சீட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வேடிக்கை என்னவென்றால், வெள்ளைக்காரன் திருந்திவிட்டான். பெயருக்கு ஒரே கட்டம் போடு, அவசியம் இருந்தால் ஒழியப் பிரிக்காதே என்று பிரிட்டிஷ் அரசு தன் இணையதளங்களுக்குக் கையேடு எழுதி வைத்திருக்கிறது. அவன் கழற்றிப் போட்ட சட்டையை நம்மவர்கள் துவைத்துத் துவைத்து மாட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

போட்டோ, கேப்சா பற்றியெல்லாம் நீட்ட விரும்பவில்லை. ஐம்பது கேபிக்குள் அடக்கியபோது என் முகம் ஊசிப்போன உளுந்து வடை மாதிரி வந்தது. அதை மட்டும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். நான் மனிதன்தான் என்று நாலு தடவை நிரூபித்த பிறகு, நேரம் முடிந்துவிட்டது, முதலிலிருந்து வா என்றார்கள்.

கேட்டால், தொழில்நுட்பக் கோளாறு. பொய். உள்ளே குமாஸ்தா பார்த்த வேலையை அப்படியே தூக்கி நம் தலையில் கட்டிவிட்டார்கள். சம்பளம் அங்கே, வேலை இங்கே, தப்பு நடந்தால் பழியும் இங்கே. விண்ணப்பிக்க முடியாதவன் கணக்கிலேயே வரமாட்டான் என்பது இன்னொரு சௌகரியம்.

சிரிப்பெல்லாம் இதுவரைதான். அமிலத்தில் முகம் வெந்த ஒரு பெண் 2023-இல் கணக்குத் தொடங்க ஒரு வங்கிக்குப் போனார். உயிரோடு இருப்பதைக் காட்டக் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னார்கள். சிமிட்ட முடியாத கண்கள். ஆள் எதிரில் நிற்கிறாள், பேசுகிறாள். கேமரா ஒப்பவில்லை என்று விரட்டினார்கள். அந்த ஒரு சிமிட்டலுக்காக அவர் உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. இணைய வசதியை அணுகுவதும் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமைதான் என்று சொல்லி, 2025 ஏப்ரல் 30 அன்று இருபது உத்தரவுகளை நீதிமன்றம் போட்டது. எதிரில் நிற்பவளைத் தலை நிமிர்ந்து பார்க்க ஒரு மேனேஜருக்கு எத்தனையாவது உத்தரவு வேண்டுமோ?

அடுத்த விண்ணப்பத்துக்கு நான் பிரவுசிங் சென்டருக்கே போய்விட்டேன். "பேரையே ரெண்டு தடவை அடிச்சிரலாம் சார், எல்லாரும் அப்படித்தான்" என்றான் பையன். நூற்றைம்பது ரூபாய். எனக்கு முன்னால் ஒரு பாட்டி, முதியோர் உதவித்தொகைக்கு வந்தவள். ஓடிபி போகும் போன் பேரனிடம். பேரன் திருப்பூரில், பனியன் கம்பெனியில்.

"ஷிப்ட்டு முடிஞ்சு ராத்திரி எடுப்பான் தம்பி. அதுவரைக்கும் அந்த நம்பர வச்சிருக்கச் சொல்லுங்களேன்" என்றாள்.

பையன் திரையைப் பார்த்தான். ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி இருந்தது.