வாசல் காவலனுக்குக் கால் வலி

நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, 20 முகப் பகடையை உருட்டி, இல்லாத டிராகனுக்குப் பயந்து அலறினால், "இவங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று எந்தப் பெரியவரும் கேட்கத்தான் செய்வார். என் மாமியார் கேட்டார். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தைக் கொண்டுவந்த காலத்திலேயே அங்கேயும் யாராவது ஒரு மாமியார் கேட்டிருப்பார்.

இந்த ஆட்டத்தில் ஒருவர் டன்ஜன் மாஸ்டர். ராஜா, திருடன், கடைக்காரன், மழை, இடி எல்லாம் அவரே. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். வலிமை, அறிவு என்று ஆறு தகுதிகளுக்கு மதிப்பெண் உண்டு. ஆறில் ஒன்று கரிஷ்மா. பேசியே காரியம் சாதிக்கிறவர்களுக்கானது.

எங்கள் குழுவில் ஒரு நண்பர். காபி கேட்டு டீ வந்தால், அதையே குடித்துவிட்டு டிப்ஸும் வைக்கிற ரகம். அவருக்கு வாய்த்ததோ கரிஷ்மா வழியும் பாணர் வேஷம். கோட்டை வாசலில் காவலன் மறித்தான். "பேசிச் சமாளிச்சுடறேன்" என்று பகடையை எடுத்தார்.

"இருங்க, என்னன்னு பேசுவீங்க? பேசுங்க" என்றார் மாஸ்டர், காவலனாக முறைத்தபடி.

நண்பருக்கு வியர்த்துவிட்டது. கொஞ்ச நேரம் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அண்ணே, ராத்திரி பூரா நிக்கிறீங்களே, கால் வலிக்கலையா?" என்றார். அந்தக் காவலனை அதுவரை யாரும் அப்படி விசாரித்ததில்லை போலும். பகடையில் 15 விழுந்தால்தான் பேச்சு பலிக்கும் என்ற இடத்தில் 12 போதும் என்று மாஸ்டர் இறங்கிவந்தார். 18 விழுந்தது. நான் அதற்குள் வாளை உருவியிருந்தேன். என் முறை வராததால் காவலன் பிழைத்தான். அடுத்தவர் முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கிற இந்த ஒழுங்கை எங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சுவார்த்தைகளில்கூட நான் கண்டதில்லை.

கூச்சம் போய்விடும் என்று சத்தியமெல்லாம் செய்ய மாட்டேன். ஆனால் வேஷத்தில் ஒரு வசதி: உளறினால் உளறியது பாணர், நாமில்லை. அந்தத் தைரியத்தில்தான் வாய் பழகுகிறது.

சமீபத்தில் நண்பர் வாடகை வீட்டைக் காலி செய்தார். பெயின்ட் செலவு என்று அட்வான்ஸில் பெரிய தொகையைப் பிடிக்கப் பார்த்தார் ஓனர். பழைய நண்பராக இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்திருப்பார். இந்த முறை ஓனரின் முழங்கால் வலியை விசாரித்துவிட்டுத்தான் கணக்கையே எடுத்தார். ஓனர் இளகி, முழுப் பணத்தையும் எண்ண ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தார். பாதி நோட்டு பீரோவுக்கே திரும்பிப் போனது.

"அந்தம்மாவுக்குக் கரிஷ்மா 20 சார்" என்றார் நண்பர், உண்மையான மரியாதையுடன்.