நியூஸ் அங்கிள்

சிகாமட், லாபிஸ், கூலாய், குளுவாங் என்று ஜொகூரின் எந்தச் சின்ன ஊரில் போய் இறங்கினாலும் ஒருவர் உங்களைப் பார்த்துவிடுவார். நீங்கள் யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள், எத்தனை நாள் தங்குவீர்கள், போன தடவையைவிட எவ்வளவு இளைத்திருக்கிறீர்கள் என்பதெல்லாம் நீங்கள் அந்த வீட்டு வாசலை மிதிப்பதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். அவர்தான் நியூஸ் அங்கிள். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது.

குளுவாங் அங்கிளை எடுத்துக்கொள்வோம். மற்ற ஊர்க்காரர்கள் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி வாசித்துக்கொள்ளலாம்.

ரயில்வேயிலோ, ஜேகேஆரிலோ, தோட்டத்துக் கிராணி நாற்காலியிலோ இருந்து பென்ஷன் வாங்கியவர். வாகனம் ஒரு பழைய கப்சாய் மோட்டார். அது வரும் சத்தம் கேட்டதும், அவசர வேலை இருப்பவர்கள் பின்பக்கமாகப் போய்விடுவார்கள். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பேனா. அதை வைத்து எதையும் எழுதமாட்டார். எழுதிவிட்டால் பிறகு மாற்ற முடியாதே.

“தம்பி, பசியாறிட்டியா?” என்றுதான் ஆரம்பிப்பார். பதிலுக்குக் காத்திருக்கமாட்டார். அடுத்தது, “விஷயம் தெரியுமா?” இந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே ஒரு சரியான பதில்தான் உண்டு: “தெரியாதே அங்கிள்!” தப்பித்தவறி “தெரியும்” என்று சொல்லிவிட்டால் அவர் முகம் சுண்டிப்போகும். ஆனால் உடனே சுதாரித்துக்கொள்வார். “அது நேத்து நிலவரம்லா” என்று ஒரே வரியில் உங்களைப் பழைய பேப்பர் கட்டில் சேர்த்துவிடுவார்.

குளுவாங் ரயில் நிலையக் கோப்பிக்கடை 1938இலிருந்து நடக்கிறது. சுட்ட ரொட்டிக்கும் காயாவுக்கும் சிங்கப்பூரிலிருந்துகூட ஆள்கள் வருகிறார்கள். அங்கிள் மட்டும் அங்கே உட்காருவதில்லை. “அங்க பூரா வெளியூர்க்காரன். ரொட்டிய போட்டோ பிடிச்சிக்கிட்டு இருக்கான். அவனுக்கு என்ன தெரியும்?” அவருடைய தலைமையகம் மரத்தடி ஒட்டுக்கடை. ஒரு கோப்பியில் இரண்டு மணி நேரம் ஓட்டுவார். கடைக்காரருக்கு அதில் நட்டம் இல்லை. செய்தி கேட்க வருகிறவர்கள் ஆளுக்கொரு ரொட்டி சானாய் சாப்பிடுகிறார்கள்.

செய்தி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், “நம்ம ஆளு ஒருத்தன் உள்ள இருக்கான்” என்பார். நகராண்மைக் கழகம், மருத்துவமனை, போலிஸ் நிலையம், ரயில்வே, எல்லா இடத்திலும் அந்த ஒருத்தன் உள்ளே இருக்கிறான். இதுவரை வெளியே வந்ததில்லை.

அங்கிளின் செய்திகளில் முதலிடம் சாவுக்கு. யார், எப்போது, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், பினாங்கு மகள் வந்து சேர்ந்தாளா என்பது வரைக்கும் துல்லியமாக வரும். ஒரே ஒரு தடவை, அவர் காலையில் அனுப்பிவைத்த ஒரு மனிதர் பத்து மணிக்கு நேரில் வந்து தே தாரிக் கேட்டார். அங்கிள் அசரவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்து, “நல்லாத்தான் இருக்கீங்க. எதுக்கும் ஒருவாட்டி செக் பண்ணிக்கிங்க” என்றார்.

இரண்டாவது இடம் காட்சிகளுக்கு. லோங்காங்கில் ஓர் உடும்பு தெரிந்ததென்றால், காலையில் ஒட்டுக்கடையில் அது உடும்பு. மதியம் மார்க்கெட்டில் அது முதலை. இரவு பாசார் மாலாமில் அதற்கு இரண்டு குட்டிகள்.

மூன்றாவது இடம் அரசாங்கத்துக்கு. 2014 ஜனவரியில் ஜொகூர் வார விடுமுறையை வெள்ளி, சனிக்கு மாற்றியது. அங்கிள் கொதித்துப்போனார். “ஞாயித்துக்கிழமை வேலைன்னா கல்யாணத்த எப்ப வைக்கிறது? கேஎல் சொந்தக்காரன் எப்ப வருவான்?” 2025 ஜனவரியில் பழையபடி சனி, ஞாயிறு திரும்பியது. மறுபடியும் கொதித்தார். “பதினோரு வருசம் பழகினத ஒரே நாள்ல மாத்துனா எப்படி?” பென்ஷன் வாங்கும் அவருக்கு ஏழு நாளும் விடுமுறை என்பதை எடுத்துச்சொல்ல ஒட்டுக்கடையில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு 192 கிலோமீட்டர் இரட்டைத் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம் அவருக்குப் பொற்காலம். ஒவ்வொரு தீபாவளிக்கும், “அடுத்த தீபாவளிக்கு ரயில் ஓடும்” என்று அறிவித்தார். விடாமல் சொன்னால் ஒரு வருடம் பலிக்காமலா போகும்? 2025 ஆகஸ்டு 30ஆம் தேதி இடிஎஸ் ரயில் குளுவாங் வரைக்கும் வந்தது. டிசம்பர் 12இல் ஜொகூர் பாருவைத் தொட்டது. அங்கிள் அதில் இன்னும் ஏறவில்லை. ரயில் வரும் நேரத்துக்கு நிலையத்துக்குப் போய், யார் இறங்குகிறார்கள், யாரோடு இறங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு வந்துவிடுகிறார். ரயிலால் அவருக்கு ஆகவேண்டிய காரியம் அவ்வளவுதான்.

அதே ஆகஸ்டில்தான் அவருக்கு வாழ்க்கையின் பெரிய அடி விழுந்தது. 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 6.13க்குச் சிகாமட்டில் நில அதிர்வு. ரிக்டர் அளவில் 4.1. நெகிரி செம்பிலான், மலாக்கா வரை உணர்ந்தார்கள். நாட்டின் அத்தனை பத்திரிகைகளும் நம் பக்கம் திரும்பிய அந்தக் காலையில் அங்கிள் தூங்கிக்கொண்டிருந்தார். பேரன் எழுப்பிச் சொல்லித்தான் தெரிந்தது. எட்டு மணிக்கு ஒட்டுக்கடைக்கு வந்தவர், “ராத்திரியே நாய் ஒரு மாதிரி குலைச்சிது. நான் அப்பவே நெனச்சேன்” என்றார். அந்த நாய் அவருடையதுமல்ல, அந்தத் தெருவுடையதுமல்ல.

தமிழ்ப் பத்திரிகைகளை அவர் சக தொழிலாளர்களாகத்தான் பார்க்கிறார். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றதிலிருந்து, “நேசன் இருந்தப்ப நான் இன்னைக்குச் சொல்றத அவன் நாளைக்குப் போடுவான்” என்று பெருமையாகச் சொல்வார். வாட்ஸ்அப்பைத்தான் சுத்தமாகப் பிடிக்காது. “அதுல வர்றது பூராம் பொய்” என்பார், முதலைக்கு இரண்டு குட்டி கொடுத்த அதே வாயால்.

இவ்வளவும் படித்துவிட்டு ஆளை வெறும் புளுகர் என்று தள்ளிவிடாதீர்கள். வெள்ளக் காலத்தில் அவரைப் பார்க்க வேண்டும். 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் ஜொகூரை அடுத்தடுத்து இரண்டு பெருவெள்ளம் போட்டுப் புரட்டியது. 2023 மார்ச்சிலும் பத்து பகாட், சிகாமட், யோங் பெங், குளுவாங் பக்கமெல்லாம் தண்ணீர். கைப்பேசிகளில் எந்த வருடத்துப் படமோ இந்த வருடத்துப் படமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அங்கிளோ கப்சாயை எடுத்துக்கொண்டு நேரில் போவார். மெங்கிபோல் ஆற்றங்கரையில் இறங்கிப் பார்ப்பார். தண்ணீர் புகைக்குழாயைத் தொடும் வரை ஒரு சாலையில் போவார்; தொட்டதும் திரும்பி அடுத்த சாலைக்குப் போவார். பிறகு வீடு வீடாகச் சொல்லுவார்: “இந்தப் பக்கம் காடி போகும். அந்தப் பக்கம் முட்டிக்கால் தண்ணி, போகாத. மாத்திரை மருந்த எடுத்துக்க. பாட்டிய மொத ஏத்து.” அன்றைக்கு மட்டும் ‘உள்ளே இருக்கும் ஆள்’ கிடையாது. முட்டிக்கால் தண்ணீரை இடுப்பளவு ஆக்கமாட்டார். பேனாவையும் அன்றைக்குத்தான் திறப்பார். யார் வீட்டில் யார் நிவாரண மையத்துக்குப் போனார்கள் என்று உள்ளங்கையில் எழுதி வைத்திருப்பார்.

பெரிய பத்திரிகைகள் நிலம் ஆடினாலோ நீர் ஏறினாலோதான் நம் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கின்றன. மற்ற நாள்களில் யார் படுத்திருக்கிறார், யார் பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது, எந்தத் தெருவிளக்கு எரியவில்லை என்று கேட்டுக்கொண்டிருப்பவர் இவர் ஒருவர்தான். அதற்குச் சம்பளமும் இல்லை, கோப்பிச் செலவும் கைக்காசு.

ஆகவே உங்கள் ஊர் அங்கிளிடம் இப்படி நடந்துகொள்ளுங்கள். உடும்புச் செய்தியில் முக்கால்வாசியைக் கழித்துவிடுங்கள். சாவுச் செய்தி என்றால் மாலை வாங்குவதற்கு முன் ஒரு போன் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளச் செய்தியை அப்படியே நம்பி, சொன்ன பாதையில் போங்கள். கோப்பிக் காசை மட்டும் நீங்களே கொடுத்துவிடுங்கள். அந்தச் செய்தியும் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். உங்களுக்குத்தான் நல்ல பேர்.