தொந்தியியல்

தொந்தி இருவகைத்து என்மனார் புலவர்: கிள்ள வருவது, கிள்ள வராதது. தோலுக்கடியில் படிந்த கொழுப்பு விரலிடுக்கில் அகப்படும், அது முன்னது. குடலையும் ஈரலையும் சூழ்ந்து உள்ளே குடியிருப்பது பின்னது, வெளியே கல்லுப்போலிருக்கும். "நம்ம வயிறு கெட்டி சார், ஊளைச்சதை இல்லை" என்று உடையவர் தட்டியே காட்டுவார். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் தேடி வருவது அந்தக் கெட்டியைத்தான்.

இதனை அளக்கும் கருவி யாதெனின், பிஎம்ஐ என்பர் ஒரு சாரார். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இக்கணக்கை 19ஆம் நூற்றாண்டில் வகுத்தவர் பெல்ஜிய வானியலார் கெத்தலே. அவர் தேடியது சராசரி மனிதனை, நோயாளியை அன்று. உலகோர்க்கு 30இல் தொடங்கும் உடற்பருமன் இந்தியர்க்கு 25இலேயே தொடங்கும். இஃது ஓரவஞ்சனை அன்றோ எனின், அன்று. நம்மவர்க்குக் கைகால் மெலிந்திருக்கையிலேயே வயிறு முந்திக்கொள்ளும் ஆகலின். எனவே இன்ச் டேப்பே சிறந்தது: ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை. பேன்ட் சைஸ் சான்றாகாது. பெல்ட்டைத் தொந்திக்குக் கீழே இறக்கி, கல்லூரிக் காலத்து 34ஐ இன்னும் காப்பாற்றி வருவோர் உளர்.

இனி மெலிய முயல்வோர். திங்கட்கிழமையர் எனப்படுவோர் வரும் வாரம் தொடங்குவோர். எந்த வாரம் என்பது நூலில் இல்லை.

மூன்றுநாள் வெற்றியர் சோற்றைத் துறந்து, இரண்டு கிலோ இறங்கிற்றென்று தெருவெல்லாம் சொல்வர். இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர். உடல் சேமித்த கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் குறைந்தது மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது செலவானால் நீரும் போகும். கொழுப்போ கிலோவுக்கு ஏறத்தாழ 7,700 கலோரி. மூன்று நாளில் இரண்டு கிலோவை எந்த அடுப்பில் எரித்தார் என்று கேட்டால் கோபிப்பர்.

நடையரைக் காணவேண்டின் விடியலில் மெரினாவுக்குச் செல்க. நடக்கையில் பேசவும் முடிந்து பாடவும் முடிந்தால் அது உலா. பேச முடிந்து பாட முடியாவிடின் அதுவே நடை. வாரத்துக்கு 150 நிமிடம் வேண்டும். நடை முடித்து உளுந்துவடையும் சர்க்கரை போட்ட காபியும் கொள்வோர், அரைமணியில் செலவிட்டதை ஐந்தே நிமிடத்தில் மீட்பர். இவர் தொகை பெரிது.

கடைசி வகையினர் அரியர். சோற்றை விடார், குறைப்பர்; பொரியலையும் பருப்பையும் கூட்டுவர்; வாரம் அரைக்கிலோ இறங்கினால் போதுமென்பர். நூறு கிலோ ஆள் ஐந்து கிலோ இழந்தாலே சர்க்கரையும் அழுத்தமும் இறங்கத் தொடங்கும் என்று மருத்துவர் சொல்ல, அதை நம்பிய அதிசயப் பிறவிகள். ஆனால் கல்யாண வீட்டில் இவர் மெலிந்ததை ஒருவரும் கண்டுகொள்ளார்.

புறனடை: உணவு மாறாதிருக்கத் திடீரெனப் பெருத்தோர், தைராய்டு குறைந்தோர், ஸ்டீராய்டு உண்போர் இவ்வியலுள் அடங்கார். அவர்க்கு அறிவுரை கூறல் மருத்துவர் கடன். சித்தப்பா கடன் அன்று. முயலாமலே மெலிவோர்க்கும் அஃதே.