மீன்தொட்டி மாஸ்டர்

பருத்தித்துறையில் மீனுக்குப் பஞ்சமில்லை. காலையில் கடற்கரைப் பக்கம் போனால் விளைமீனும் பாரையும் உடன் மீனாகக் கிடைக்கும். அப்படிப்பட்ட ஊரில், கறிக்காகாத மீனை ஹோலுக்குள் வைத்து அதற்குப் பம், லைற், மாதாமாதம் கரண்ட் பில் என்று செலவழிக்கிற ஒரு பிறவி உண்டு. தும்பளையிலும் இருப்பார், புலோலியிலும் இருப்பார். அநேகமாக ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். பிள்ளைகள் கனடாவில். 'மாஸ்டர் வீடு' என்றால் ஒழுங்கைக்கே தெரியும்.

போனவுடன் தட்டை வடையும் தேத்தண்ணியும் வரும். இரண்டாவது வடையில் கை வைக்க முதலே விளக்கம் தொடங்கிவிடும். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம். மேலே மீன், கீழே அலுமாரிக்குள் வடிகட்டும் தொட்டி. மேலே வழிகிற தண்ணீர் கீழே இறங்க, பம் அதைத் திரும்ப ஏற்றும்.

"பாத்தியளே, நிக்காத சுழற்சி!"

நிற்கிற நேரத்தைப் பற்றி மட்டும் மாஸ்டர் வாய் திறக்கமாட்டார். கரண்ட் போனால் பம் நிற்கும். ஆனால் மேல்தொட்டிக்குள் அமிழ்ந்து கிடக்கிற குழாய், ஏற்றின தண்ணீரை அதே வழியால் கீழே இழுக்கத் தொடங்கும். குழாய் வாயில் காற்றுப் படும்வரை விடாது. அந்தத் தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினால் ஏறக்குறைய 14 லீற்றர். வாய் 6 அங்குலம் ஆழத்தில் இருந்தால் 85 லீற்றர். கீழ்த்தொட்டி கொள்கிறவரை கொள்ளும்; மிச்சம் ஹோலுக்கு.

இது மாஸ்டருக்குத் தெரியாத சங்கதியல்ல. சைபனும் வளியமுக்கமும் அவர் கரும்பலகையில் கீறிக் கீறித் தேய்த்த பாடம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில், மோட்டார் சைக்கிளே மண்ணெண்ணெயில் ஓடின நாட்களில், பரலுக்குள் ரியூப் விட்டு வாயால் உறிஞ்சி எடுத்தவர். சைபனை நாக்கால் படித்த மனிதர். தெரிந்தும் வீட்டுக்குள் வெள்ளம் வர விடுவதுதான் இந்தப் பிறவியின் விசேஷம்.

அவருடைய நம்பிக்கை முழுவதும் ஒரு வால்வில். மகன் ரொறன்ரோவிலிருந்து சூட்கேசுக்குள் கொண்டுவந்தது. போன தண்ணீரைத் திரும்ப விடாதாம். கிணற்று மோட்டரின் ஃபுட் வால்வுக்கும் இதுதான் வேலை. அது மண் கடித்து ஒழுகினால் கிணற்றடியில் நின்று ஏசுகிறவரும் இதே மாஸ்டர்தான். ஹோலுக்குள் இருப்பது வெளிநாட்டுச் சாமான், அது பிழைக்காது! யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புத் தண்ணீர் பாஸ்போட் பார்த்துப் படிவதில்லை. கேத்தில் அடியில் படிகிற வெள்ளை, வால்வின் வாயிலும் படியும். மிச்சத்தைப் பாசியும் நத்தையும் பார்த்துக்கொள்ளும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்டை வெட்டினார்களே, அப்போது மாஸ்டர் தப்பிவிட்டார். நேர அட்டவணை கையில் இருந்தது. வெட்டுக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே குழாயைத் தூக்கிவிடுவார். சொல்லாமல் வருகிற இருட்டுத்தான் ஆளைக் கவிழ்க்கும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு செய்த வேலை என்றார் அமைச்சர்.

"இஞ்சாருங்கோ, ஹோலுக்க தண்ணி!"

"அது குரங்கின்ர வேலை."

"குரங்கு பாணந்துறையில. தண்ணி இஞ்ச."

மாஸ்டரின் மனைவி பக்கமும் கொஞ்சம் பிழை உண்டு. பம் ஓடும்போது கீழ்த்தொட்டியில் கொஞ்ச இடம் வெறுமையாகத்தான் இருக்கவேண்டும். இறங்கி வருகிற தண்ணீருக்கு விட்ட இடம் அது. "பாவம், தண்ணி குறைஞ்சு போச்சு" என்று ஒரு வாளி ஊற்றியிருந்தார். மீனுக்கு இரங்கினது, சீமெந்துத் தரைக்கு வந்து சேர்ந்தது.

பைப் வேலை செய்கிற பெடியன் வந்து பார்த்துவிட்டு, "நீர்மட்டத்துக்குச் சாடையாக் கீழ, குழாயில ஒரு ஓட்டை போட்டாக் காணும். மட்டம் கொஞ்சம் இறங்கினதும் காத்தை இழுத்துச் சைபன் அறுந்திடும்" என்றான்.

"நல்ல பைப்பில ஓட்டை போடுறதோ? உமக்கு இதைப் படிப்பிச்சது ஆர்?"

"நீங்கள்தான் சேர்."

ஓட்டை விழுந்தது. ஒன்றல்ல, இரண்டு, ஒன்று அடைத்தாலும் மற்றது இருக்கும் என்பது மாஸ்டரின் சொந்தத் திருத்தம். இப்போது வருகிறவர்களுக்கு மீனைக் காட்டுவதற்கு முதல் ஓட்டையைத்தான் காட்டுகிறார், தான் கண்டுபிடித்ததாகவே.

உங்கள் வீட்டிலும் இப்படித் தொட்டி இருந்தால், குரங்குக்குக் காத்திராமல் நீங்களே ஒருநாள் பம் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள். கீழ்த்தொட்டி வழியப் பார்த்தால் தண்ணீரைக் குறையுங்கள். வழியாமல் நின்றால், பம்மைத் திரும்ப ஓடவிட்டு, அப்போது கீழ்த்தொட்டியில் இருக்கிற மட்டத்தில் ஒரு கோடு கீறிவிடுங்கள். அதற்கு மேல் யாரும் ஊற்றக்கூடாது. ஓட்டையைக் கிழமைக்கொருதரம் பாசி போகத் துடையுங்கள். கீழ்த்தொட்டி இல்லாத சின்னத் தொட்டிக்காரரும், காற்றடிக்கிற பம்மை நீர்மட்டத்துக்கு மேலேயே வைக்கவேண்டும். கீழே வைத்தால், கரண்ட் போன நேரம் அந்த மெல்லிய ரியூப் வழியாகவும் தண்ணீர் இறங்கும்.