தீவுக்குத் தணிக்கைத் தடை

மத்திய அரசின் திட்டக் கமிஷன் 2015 ஜனவரியோடு போய்விட்டது, அந்த நாற்காலியில் இப்போது நிதி ஆயோக் உட்கார்ந்திருக்கிறது என்று போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் சொல்கிறார்கள். திருவண்ணாமலையில் அது இன்னும் கலையவில்லை. பேகோபுரத் தெருப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் தினமும் காலை ஆறரைக்குக் கூடுகிறது. தலைவர், உறுப்பினர், குமாஸ்தா எல்லாம் ஒரே ஆள்தான். கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கக்கத்தில் நீள நோட்டு, அதற்குள் மடித்து வைத்த பாம்புப் பஞ்சாங்கம், சட்டைப் பையில் இரண்டு பேனா. நீலப் பேனாவில் திட்டம் எழுதுவார். சிவப்புப் பேனாவில் அதே திட்டத்துக்குத் தணிக்கைத் தடை போடுவார்.

டீ மாஸ்டர் பாலை ஆற்றிக்கொண்டே கேட்பார்: "இன்னா சார், இந்த மாசம் எந்தத் தீவு?"

ஆமாம், தீவுதான். ஊட்டி, கொடைக்கானல் என்று யாராவது சொன்னால், "மலையைத்தான் ஜன்னலைத் தொறந்தா பாக்குறோமே" என்று வாயை அடைத்துவிடுவார். அவருக்கு வேண்டியது தீவு. வெறும் தீவு போதாது, பழைய வாத்தியமும் பாட்டும் உயிரோடு இருக்கிற தீவு. அதுவும் போதாது, அந்த மக்களின் பண்பாடு சுற்றுலாக்காரன் கைபட்டுக் கெடாமல் இருக்க வேண்டும். இதில் ஒரு சின்ன சிக்கல், இவரே அங்கே சுற்றுலாக்காரராகத்தான் போயாக வேண்டும். அதற்குப் பிறகு வருவோம்.

ஏன் இந்த ஆசை என்று வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. பால் பிரண்டன் ரமணரைப் பற்றி எழுதிய புத்தகம் 1934-ல் வெளியானதில் இருந்து உலகமே மூட்டையைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருக்கிறது. பௌர்ணமி என்றால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் தலைகள் மட்டும்தான் தெரியும். கார்த்திகை தீபத்தன்று பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். உள்ளூர்க்காரன் சொந்த வீட்டுக்குப் போக யாத்ரீகனைப் போல நடக்க வேண்டும். உலகம் இங்கே வந்து நிம்மதி அடைகிறது. இங்கே இருக்கிறவன் நிம்மதிக்கு எங்கே போவான்? "நாலு பக்கமும் தண்ணி இருந்தாத்தான்யா ஸ்பெஷல் பஸ் வராது" என்பது அவருடைய பூகோளம்.

இசைப் பைத்தியம் பிடித்தது தனிக்கதை. பல வருடங்களுக்கு முன்னால், தீபம் முடிந்த குளிர்காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் கோயிலில் நாகசுரம் கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற இவரிடம் இது என்ன ராகம் என்று கேட்டாராம். இவர், "சாமி பாட்டு" என்றாராம். அவர் அதைக் குறித்துக்கொண்டு போய்விட்டார். தப்பான கணக்குக்கு ஒப்புதல் கையெழுத்து போட்டுவிட்டோமே என்ற வருத்தம் ஒரு தணிக்கை அதிகாரியை என்ன பாடு படுத்தும்! அன்றிலிருந்து படிக்க ஆரம்பித்தவர்தான். இன்றைக்குத் தவில், பறை, பம்பை, பாலித் தீவின் வெண்கல வாத்தியக் குழு, மொரீஷியஸின் ஆட்டுத்தோல் மேளம் எதைப் பற்றிக் கேட்டாலும் பேசுவார். கேட்காவிட்டாலும் பேசுவார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஒருமுறை பாசத்தில் மாலத்தீவுக்கு ரிசார்ட் பதிவு செய்துவிட்டான். "அங்க பொடுபெருன்னு பெரிய மேளம் வாசிப்பாங்கப்பா, ராத்திரி சாப்பிடுறப்ப பாக்கலாம்." அவ்வளவுதான். "ஒருத்தன் மெய்ம்மறந்து மேளம் அடிக்க, நான் புரோட்டாவைப் பிச்சிக்கிட்டு உக்காந்திருக்கவா?" சிவப்புப் பேனா வந்துவிட்டது. மகன் தன் மனைவியோடு போய்வந்தான். நன்றாக இருந்ததாம்.

பாலித் தீவு கொஞ்ச நாள் நீலத்தில் இருந்தது. வட்டமாக உட்கார்ந்த ஆண்கள் 'சக் சக்' என்று குரலாலேயே தாளம் கட்டி ராமாயணம் ஆடும் கெச்சக் ஆட்டத்தை எங்கோ பார்த்துவிட்டு உருகிப்போனார். பிறகு அந்த ஆட்டம் இன்றைய வடிவத்துக்கு வந்ததே 1930-களில்தான், வால்டர் ஸ்பைஸ் என்ற ஜெர்மன் ஓவியருக்கும் அதில் கை உண்டு, வெளியூர்க்காரர்களுக்குக் காட்டுவதற்காகவே வளர்ந்தது என்று படித்தார். முகம் விழுந்துவிட்டது. போதாக்குறைக்கு அவர் குறித்து வைத்திருந்த மார்ச் அமாவாசையை ஒட்டித்தான் அங்கே நியேபி என்ற மௌன நாள் வருகிறது. அன்றைக்கு அந்தத் தீவே வாய் திறக்காது. தெருவில் ஆள் நடமாட்டம் கிடையாது. விமான நிலையத்தையே 24 மணி நேரம் மூடிவிடுவார்கள். "பாட்டு கேக்கப் போயி மௌன விரதத்துல மாட்டிக்கிட்டா? மௌனத்துக்கு நம்ம ரமணாசிரமம் போதுமே!" தடை எண் இரண்டு.

மொரீஷியஸ் விஷயம் இதற்கு நேர் எதிர். அங்கத்திய சேகா இசையை 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். ரவான் என்ற ஆட்டுத்தோல் மேளத்தை நெருப்பில் காட்டிச் சூடேற்றி வாசிப்பார்கள். தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு. எல்லாம் பொருந்தி வந்தபோது தணிக்கையாளர் கேட்டார்: "நம்ம ஊர்ல பறையைக் காய்ச்சறாங்க, காவடி எடுக்கறாங்க. இதையே பாக்க பிளேன் ஏறிப் போகணுமா?"

பாலி அன்னியமாக இருந்தது, அதனால் தடை. மொரீஷியஸ் சொந்தமாக இருந்தது, அதனாலும் தடை. தணிக்கைத் துறையில் இருந்தவர்களுக்கு இது முரண்பாடாகத் தெரியாது.

ரீயூனியன் தீவு வந்தபோதுதான் எனக்கே கொஞ்சம் சிலிர்த்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன தமிழர்கள் அங்கே கூத்தையும் கொண்டுபோயிருக்கிறார்கள். பிரெஞ்சு ஆட்சியில், தமிழ் பேச்சு வழக்கொழிந்த பிறகும், விடிய விடியக் கட்டியாடிய கூத்து அது. நம் பக்கத்துத் தெருக்கூத்தின் தூரத்துச் சொந்தம். இவர் கண் கலங்கிவிட்டார். இந்தத் தடவை நிஜமாகவே கிளம்பிவிடுவார் என்று நினைத்தோம். டீக்கடையில் காலேஜ் படிக்கும் பையன் ஒருவன் சும்மா இல்லாமல், "சார், கூத்துதான் வேணும்னா நம்ம மாவட்டத்துலயே செய்யாறு பக்கம் புரிசை இருக்கே. கண்ணப்ப தம்பிரான் பரம்பரை. வெளிநாட்டுல எல்லாம் போய் ஆடிட்டு வந்திருக்காங்க" என்றான்.

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "புரிசை தீவு இல்லையே?"

யாழ்ப்பாணத் திட்டம்தான் இவருடைய வாழ்நாள் சாதனை. நோட்டில் பாதி அதற்கே போயிருக்கிறது. ஆரம்பமே அமர்க்களம். பதினைந்தாம் நூற்றாண்டிலேயே எங்கள் ஊர் அருணகிரிநாதர் இலங்கையின் கதிர்காமத்தையும் திருக்கோணமலையையும் திருப்புகழில் பாடியிருக்கிறார். ஆகவே தீவுக்கு இசைப் பயணம் போகும் வழக்கத்தை உலகத்துக்குக் கொடுத்ததே திருவண்ணாமலைதான் என்று முதல் பக்கம் சொல்கிறது. "அவரு கிளியாப் பறந்தவரு சார், விசா கேக்க மாட்டாங்க" என்று டீ மாஸ்டர் சொன்னதை நோட்டில் ஏற்கவில்லை.

மற்ற பக்கங்கள் கேலிக்குரியவை அல்ல. ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடியேறி, ஆவணி அமாவாசைத் தீர்த்தத்தோடு முடியும் நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழா, மொத்தம் 25 நாள். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தேர் இருபத்து நாலாம் நாள். இணுவில், அளவெட்டி என்று நாகசுரமும் தவிலும் தழைத்த ஊர்கள். இணுவிலில் பிறந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1933-ல் இருந்து 1975 வரைதான் வாழ்ந்தார். அதற்குள் தமிழ்நாட்டுப் பெரிய நாகசுரக்காரர்களோடு எல்லாம் வாசித்து, தவில் என்றால் தஞ்சாவூர் என்றிருந்தவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தவர். பழைய ஒலிப்பதிவுகளில் அவர் கை ஓடுவதைக் கேட்கும்போது நம்மவர் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் அவரிடம் கடன்கூடக் கேட்கலாம். பிறகு குறிகட்டுவானில் இருந்து படகில் நயினாதீவு நாகபூசணி அம்மன்; இன்னொரு படகில் நெடுந்தீவு. அங்கே முருகைக்கல்லை அடுக்கிய வேலிகள், கேட்பாரில்லாமல் திரியும் குதிரைகள், பெருத்த அடியுள்ள பெருக்கு மரம். தீவுக்குள் தீவு! இதைவிட ஒரு தீவுப் பிரியருக்கு என்ன வேண்டும்?

2023 அக்டோபர் 14-ம் தேதி நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். டீக்கடையில் எல்லோரும் இவரையே பார்த்தோம். ஒரே வாரத்தில் பருவமழையைக் காரணம் காட்டிக் கப்பல் நின்றது. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷம், மகன் கல்யாணத்திலும் நான் பார்க்காதது. "நான்தான் அப்பவே சொன்னேனே!"

2024 ஆகஸ்ட் 16-ல் மறுபடியும் விட்டார்கள். நல்லூரில் கொடியேறி ஒரு வாரம். தேருக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. கடல், கப்பல், பஞ்சாங்கம் மூன்றும் கைகோத்து நின்றன. கப்பலின் பெயர்கூட சிவகங்கை. தப்பிக்க வழியே இல்லை. இரண்டு நாள் டீக்கடைப் பக்கம் வராமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் வந்தார். "கோயிலுக்குள்ள இருக்கிற சிவகங்கைத் தீர்த்தத்துலயே நான் காலை நனைச்சதில்ல, கடல்ல ஓடுற சிவகங்கையில எப்பிடிய்யா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு மெதுவாக உண்மையைச் சொன்னார். பாஸ்போர்ட் காலாவதி ஆகிவிட்டது. பத்து வருடம் பீரோவில் இருந்து, ஒரு முத்திரைகூட விழாமல், எடுத்த அன்றைக்கு இருந்த சுத்தத்தோடு காலாவதி ஆகியிருந்தது.

புதுப்பிக்க எத்தனை நாள் ஆகும் என்று பையன் கேட்டதற்கு, பௌர்ணமிப் பிரச்சினையைக் கிளப்பினார். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. "பௌர்ணமிக்குப் பயந்து ஓடுறவன், பௌர்ணமிக்கு லீவு விடுற நாட்டுக்கா போவான்?"

பையன் விடவில்லை. எது சார் அசல் இசை, அதைச் சொல்லுங்கள் முதலில் என்றான். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து இலக்கணம் சொன்னார்: மைக் இருக்கக் கூடாது, மேடை இருக்கக் கூடாது, வெளியாள் யாரும் பார்க்காதபோது அவர்கள் தங்களுக்காக வாசிப்பதுதான் அசல்.

"அப்போ நீங்க போய்ப் பாத்தா?"

அவர் வெகுநேரம் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதான்யா யோசிச்சிட்டிருக்கேன்" என்றார். எனக்கு அந்த ஒரு பதிலுக்காகவே அவரைப் பிடிக்கும். அசல் பண்பாட்டைத் தேடி ஊர் ஊராகப் போகிற ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்தக் கேள்வி உறைத்ததே கிடையாது. தாம் போய் நின்றாலே அங்கே ஒன்று மாறிவிடும் என்று கவலைப்பட்டு வீட்டிலேயே இருந்துவிட்டவர் இவர் ஒருவர்தான். சோம்பேறித்தனம் என்றும் சொல்லலாம். வீட்டு அம்மா அப்படித்தான் சொல்கிறார்.

அந்த அம்மாள் ஒருநாள் கேட்டார்: "ஏங்க, காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்கிற ஸ்ரீரங்கம் தீவு இல்லாம வேற என்னவாம்? மார்கழியில பகல்பத்து, ராப்பத்துன்னு அரையர் குல்லா வச்சிக்கிட்டு, கையில தாளத்தோட பாசுரம் பாடி அபிநயம் பிடிக்கிறாரே, அதைவிடப் பழசா ஒண்ணு வேணுமா? எங்க அக்கா வீடும் அங்கதான் இருக்கு." வாதத்தில் ஓட்டை இல்லை. அதிலும் கடைசி வரியில் இருந்த பலம் வேறு எதிலும் இல்லை. இவர் ராமேஸ்வரத்தைத் தள்ளியதற்குச் சொன்ன அதே காரணத்தைத் தூசு தட்டி எடுத்தார்: பாலம் போட்டுவிட்டால் தீவு கிடையாது. அம்மாள் பையை எடுத்துக்கொண்டு திருச்சி பஸ் ஏறிவிட்டார். வருடா வருடம் போகிறார். திட்டம் எதுவும் போடுவதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். இவர் நோட்டால் பலன் அடைந்தவர்கள் உண்டு. எங்கள் தெருவில் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தம்பதி அதில் நாலு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நல்லூர் போனார்கள். எந்த நேரம் எந்த வீதியில் நிற்பது, படகுத் துறைக்கு எத்தனை மணிக்குப் போவது, எல்லாம் அதில் இருந்தபடியே நடந்ததாம். பனங்கட்டியும் பனாட்டும் வாங்கி வந்து இவருக்குக் கொடுத்தார்கள். தவில் எப்படி இருந்தது என்று கேட்டார். பிரமாதம் என்றார்கள். எங்கே நின்று கேட்டீர்கள் என்றார். சொன்னார்கள். இவர் உதட்டைப் பிதுக்கினார். "அங்க நின்னா நாகசுரம்தான் கேக்கும், தவில் நாதம் சரியா விழாது. நீங்க கேட்டது கேட்டதே இல்ல." கடல் தாண்டிப் போய் நேரில் கேட்டவர்கள், பேகோபுரத் தெருவைத் தாண்டாதவர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

ஆகவே, இசை கேட்கத் தீவுப் பக்கம் போகிற எண்ணம் உங்களுக்கு இருந்தால் எங்கள் ஊருக்கு வந்து அவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பைசா வாங்க மாட்டார். டீக்கு மட்டும் நீங்கள் கொடுத்துவிடுங்கள். அவர் சொல்கிற தேதியும் வழியும் பிசகாது. ஆனால் திரும்பி வந்த பிறகு, கொஞ்ச நாளைக்கு அவர் கண்ணில் படாதீர்கள்.