வா மக்கா, கொக்கியைக் காட்டு

வா மக்கா, வந்து இரி. வண்டியை மேட்டுல நிறுத்தியிருக்க, டயருக்குக் கல்லு வச்சியா? இல்லியா? கொள்ளாம். கெட்டிக்காரனுக்குக் கல்லு எதுக்கு? உருண்டா எனக்க வாழை நாலு மூடு போவும், அவ்வளவுதானே.

பிக்கப்பு நல்ல லெட்சணம். கண்ணாடியில மாதாவும் உண்டு, மாடனும் உண்டு. ஆர்.சி. புக்கு எங்க? டேஷ்போர்டுக்குள்ள எலி கடிச்சுக் கிடக்குதா? எலியாவது அதைப் படிச்சிருக்கும், நீ படிச்சிருக்க மாட்ட. அதுல ரெண்டு எடை எழுதியிருக்கும். ஒண்ணு வெறும் வண்டிக்கு, மத்தது பாரத்தோட. ரெண்டையும் கழிச்சா வாறதுதான் நீ ஏத்த உள்ளது. ஒனக்க தொந்தியும் கூட வாற கிளீனர் கிளிக்க தொந்தியும் அதுக்குள்ள அடக்கம்.

ஒன்றரை டன்னுன்னு வச்சுக்க. சிமெண்டு மூட்டை 50 கிலோ, 30 மூட்டையில கணக்கு தீந்துபோச்சு. எம்-சாண்டு கதை வேற. யூனிட்டுன்னா 100 கன அடி. காஞ்ச மண்ணே நாலு டன்னுக்கு மேல வரும். "அர யூனிட்டுதானே பாட்டா"ன்னு பல்லைக் காட்டிட்டு ஏத்துதியே, அந்த அரையே ரெண்டு டன்னைத் தாண்டும். இடவப்பாதி மழையில நனைஞ்சா வெள்ளத்துக்க எடைக்கு யாரும் காசு தரமாட்டான், ஒனக்க வண்டிதான் சுமக்கணும்.

ஸ்பிரிங்குல எக்ஸ்ட்ரா பிளேட்டு போட்டிருக்கியாக்கும்? பாத்தேன். பாரம் ஏத்தினாலும் வண்டி குனியாம நிக்குது. பிரேக்கை எத்தர மாத்தின? ஆக்சிலை? டயரை? எல்லாம் கம்பெனி தந்ததுதான், இல்லியா. முதுகு நிமுந்து நிக்குத வண்டியைக் காட்டி செக்போஸ்டுல உள்ளவனை ஏமாத்திப்போடலாம். வெள்ளறடையிலேருந்து இறங்கி வாற ரோட்டை ஏமாத்த முடியாது பாத்துக்க. அதுலயும் நீ டீசல் மிச்சம் பிடிக்கப்பட்டவன், இறக்கம் கண்டா நியூட்ரல்ல விடுவ. இப்பம் வாற டீசல் இஞ்சினு கியர்ல கிடந்து, நீ ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுத்தா, இறக்கத்துல டீசலே குடிக்காது. நியூட்ரல்ல விட்டாத்தான் குடிக்கும். இது தெரியாம எத்தர வருசமா சம்பாதிச்ச? ஏறுறதுக்கு எந்த கியரு வேணுமோ அதே கியர்ல இறங்கு. பிரேக்கு கரிஞ்ச மணம் வந்தா பக்கத்து வீட்டுல மீன் பொரிக்குதான்னு மூக்கை விடைக்காத, ஓரம் கட்டு.

போகட்டு. பின்னால தொங்குதது என்ன, மிக்சர் மெஷினா? காரக்கோணத்துல வார்ப்பா? கொக்கியைக் காட்டு பாப்போம்.

அட எனக்க தெய்வமே! பின்னு இருக்கவேண்டிய இடத்துல ஒரு முழம் கம்பித்துண்டு. வார்ப்புக்கு வாங்கினதுல மிஞ்சினதாக்கும். நுனியை வளச்சுவிடக்கூட நேரமில்லாத உத்தியோகஸ்தன் நீ. ஒரு குழியில விழுந்தா அது மேல சாடும், மெஷினு தனியா தமிழ்நாட்டுக்குப் போவும். சங்கிலி எங்க? ஓ, கழுத்துல கிடக்கு. நல்ல கனம். அதைக் கழத்தி இதுல கெட்டினா ஊருக்கு உபகாரம். ரெண்டு சங்கிலி வேணும் மக்கா, இழுக்குத தண்டுக்கு அடியில குறுக்கும் மறுக்குமா. பின்னு போனாலும் தண்டு ரோட்டுல குத்தாது, சங்கிலி மேல விழும்.

களியக்காவிளை சந்தைக்கு மாட்டுவண்டியில குலை கொண்டுபோனவன் எல்லாருக்கும் இது தெரியும். ஏத்தினதும் முதல்ல பாக்குதது முன்பாரமா பின்பாரமான்னு. பின்பாரம் கூடினா நுகம் மேல எழும்பி காளைக்க கழுத்து நெரியும். முன்பாரம் கூடினா காளை முட்டுகுத்தும். சாயிப்பு இதையே கணக்கா எழுதி வச்சிருக்கான்: இழுக்குத பாரத்துல நூத்துக்கு 10 முதல் 15 பங்கு கொக்கியில இறங்கணுமாம். நீ என்ன செய்திருக்க? செண்டிரிங் பலகையும் ஜாக்கியும் மெஷினுக்க பிறத்தால கெட்டித் தொங்கவிட்டிருக்க. கொக்கி மேல எழும்பத் துடிக்குது. கொஞ்சம் வேகம் பிடிச்சாப்போதும், மெஷினு வாலாட்டத் தொடங்கும். அப்பம் நீ பிரேக்கைச் சவுட்டுவ. அது ஒன்னைக் குறுக்க திருப்பிப்போடும். ஆட்டம் வந்தா ஸ்டீயரிங்கை நேரா பிடிச்சுக்கிட்டு ஆக்சிலேட்டரை மட்டும் பைய விடு. தானே அடங்கும்.

மெஷினுக்க மேல ஒரு பயலை வேற இருத்தியிருக்க. பின்லைட்டு இல்லாததுக்கு அவன் ராத்திரி கண்ணை முழிச்சுக் காட்டுவானா? இறக்கி முன்னால ஏத்து. பின்னால சிவப்புத் துணி கெட்டு, ரிஃப்ளெக்டர் ஒட்டு, லைட்டுக்கு வயரு இழு.

அண்ணைக்கு ஒனக்க கூட்டாளி வண்டியை வடம் கெட்டி இழுத்துட்டுப் போனியே, அதுவும் பாத்தேன். 1989-ல வந்து 2017 வரைக்கும் இருந்த சாலை விதியில ரெண்டு வண்டிக்கும் இடையில 5 மீட்டருக்கு மேல கூடாது, 24 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல கூடாது, பின்வண்டியில கட்டியிழுக்குதது தெரியுத மாதிரி எழுதி வைக்கணும்னு எல்லாம் போட்டிருந்து. நீ பஸ்ஸை முந்தின. வடம் விறைச்சு நிக்கும்போ பக்கத்துல நின்னு போட்டோ வேற. நைலான் வடம் அறுந்தா காலை எடுத்துட்டுத்தான் போவும்.

நான் சிரிக்குதேன்னு நீயும் சிரிக்காத. 2024 மார்ச் 19-ல நம்ம விழிஞ்ஞத்துல, துறைமுகத்துக்குக் கல்லு கொண்டுபோன டிப்பர்லேருந்து ஒரு கல்லு தெறிச்சு, ஸ்கூட்டர்ல போன பல் டாக்டருக்குப் படிச்ச பையன் செத்தான். வண்டி மோதல்ல, கவிழல்ல. மேல உள்ளது கீழ விழுந்தது. 1956-ல மாநிலம் பிரிச்சப்பம் விளவங்கோடு அந்தப் பக்கம் தமிழ்நாட்டோட போச்சு, நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் கேரளத்துல நின்னு. பாறை அங்க உடைக்குதான், வீடு இஞ்ச கெட்டுதான், நடுவுல ரோட்டுல நடக்குதவன் நம்ம பிள்ளை. கல்லோ மண்ணோ, தார்ப்பாய் போட்டு நாலு மூலையும் கெட்டாம எடுக்காத.

காசுதான் ஒனக்குப் புரியும்னா அதுவும் சொல்லுதேன். 2019-ல திருத்தின சட்டப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதலா உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. பாரம் வெளிய நீட்டிக்கிட்டு நின்னாலும் 20,000. இறக்குத கூலி ஒனக்க தலையில. ஒரு நடை மிச்சம் பிடிச்சு எத்தர கிடைக்கும்? நீயே கணக்குப் போடு, விரல் போதாட்டா கிளிக்க விரலையும் வாங்கிக்க.

இப்பம் அந்தப் பலகையையும் ஜாக்கியையும் கழத்தி இஞ்ச இறக்கு, ரெண்டாம் நடையில எடுக்கலாம். தொழுத்துல லாரிச் சங்கிலி ரெண்டு கிடக்கு, எடுத்துக் கெட்டு. வார்ப்பு கழிஞ்சதும் திருப்பிக் கொண்டு தரணும், கேட்டியா.