ஒரு பக்க நோட்டீஸ்

ஜித்ராவில் எங்கள் கோயில் திருவிழா நோட்டீஸ் ஒரே பக்கம். அதற்கு அச்சுக்கோப்பு மென்பொருள் 'டெக்' நிறுவுவதே முறை. தம் நூலின் அச்சு பிடிக்காமல் டொனால்ட் க்னூத் 1977இல் தொடங்கியது அது. ஓராண்டில் முடியும் என்று நினைத்தார். ஏறத்தாழப் பத்தாண்டு ஆனது. பதிப்பு எண்ணும் 3.14, 3.141 என்று 'பை'யை நோக்கியே நகர்கிறது. முடிவில்லாத எண்! என்ன தொலைநோக்கு!

நானும் அவர் வழியே. முதல் நாள் பல ஜிபி பதிவிறக்கம். மறுநாள் எழுத்துரு. மூன்றாம் நாள் அம்மன் பெயர் கட்டம் கட்டமாக வந்தது. பிழைச்செய்தி மட்டும் பளிச்சென்று.

"நோட்டீஸ் ரெடியா தம்பி?" என்றார் தலைவர்.

"ஓரம் சரியாயிடுச்சுண்ணே. எழுத்துதான் பாக்கி."

அவர் மகள் நோட்டுத்தாளில் பேனாவால் எழுதி, படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். கூட்டம் நிரம்பி வழிந்தது.

அவள் தாளில் ஓரம் கோணல். அடுத்த ஆண்டு நோட்டீஸை இன்றே தொடங்கிவிட்டேன்.